முடிக்கப்படாத சிம்பொனியை முடித்து ஒலிப்பதிவு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாதியில் நின்றுபோன சிம்பொனியை இன்னொருவர் முடிக்கலாமா என்ற சண்டை இசை உலகில் நூறு வருடங்களுக்கும் மேலாக ஓயவில்லை. இங்கிலாந்து இசையமைப்பாளர் எல்கர் தன் மூன்றாம் சிம்பொனியின் தாள்களில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சாகும் தறுவாயில் நண்பரிடம் கேட்டுக்கொண்டார். ஆனாலும் 1998-ல் இன்னொரு இசையமைப்பாளரான அந்தோனி பெய்ன் கைவண்ணத்தில் அது லண்டனில் அரங்கேறியது, இன்றுவரை வாசிக்கப்படுகிறது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் பத்தாம் சிம்பொனிக்கு இசை ஆய்வாளர் டெரிக் குக் உருவாக்கிய வடிவத்தைப் பல இசைக்குழு நடத்துநர்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். லியோனார்ட் பெர்ன்ஸ்டைனோ அதை நடத்தவே மாட்டேன் என்றார்.

என் நிலைப்பாடு இதுதான்: முடிக்கலாம், தாராளமாக முடிக்கலாம். ஆனால் எந்த பாரை (நொட்டேஷனில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள தாள அளவு) சுட்டிக் கேட்டாலும் "இது அவர் எழுதியது, இது நான் சேர்த்தது" என்று பதில் சொல்ல முடிய வேண்டும். கையெழுத்துப் பிரதியைப் பிரித்த நாளிலிருந்து ஒலிப்பதிவு வெளியாகும் நாள் வரை இந்தப் பதில் தயாராக இருக்க வேண்டும். மொசார்ட்டின் ரெக்வியத்தை (இறந்தோருக்கான திருப்பலி இசை) நினைத்துப் பாருங்கள். அதை முடித்த ஸூஸ்மாயரின் கையெழுத்தே மொசார்ட்டுடையதைப் போல இருக்கும். எது யாருடையது என்ற விவாதம் அதனாலேயே தலைமுறை தலைமுறையாக நீண்டது. ரஷ்ய இசையமைப்பாளர் போரோதின் 1887-ல் இறந்தபின் அவருடைய மூன்றாம் சிம்பொனியின் முதல் பகுதியைக் கிளாசுனோவ் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதினார். அருமையான இசைதான், ஆனால் அதைச் சரிபார்க்க யாராலும் முடியாது.

நொட்டேஷன் படிக்கவும் எழுதவும், ஆர்கெஸ்ட்ரா வாத்தியங்களின் எல்லைகளும் ஓரளவு தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

முடிக்கப்படாத சிம்பொனிகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. வேலையின் தன்மையே கையில் கிடைத்திருப்பதைப் பொறுத்துத்தான் அமையும்.

மாலர் 1911 மே மாதம் இறந்தபோது பத்தாம் சிம்பொனியின் ஐந்து பகுதிகளும் தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாமல் எழுதப்பட்டிருந்தன. பெரும்பகுதி நான்கைந்து வரிகளில் சுருக்கி எழுதிய ஷார்ட் ஸ்கோராக இருந்தது. நடு ஸ்வரங்களும் வாத்தியப் பங்கீடும் பல இடங்களில் இல்லை, ஆனால் இழை அறவில்லை. புரூக்னரின் ஒன்பதாவது வேறு கதை. மூன்று பகுதிகள் முழுமையாக இருந்தன. நான்காவதில் கணிசமான பகுதி எழுதப்பட்டிருந்தது, ஆனால் 1896-ல் அவர் இறந்தபின் அந்தத் தாள்கள் சிதறிப்போனதால் நடுநடுவே ஓட்டைகள். எல்கர் விட்டுச் சென்றது நூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் துண்டு துண்டான குறிப்புகள். எந்தத் துண்டுக்குப் பிறகு எது என்ற வரிசைகூடப் பல இடங்களில் கிடையாது. பேத்தோவனின் பத்தாவதுக்கு இருப்பவை சில வரைவுகள் மட்டுமே. அதனால்தான் இசை ஆய்வாளர் பேரி கூப்பர் 1988-ல் முதல் பகுதி ஒன்றை மட்டும் உருவாக்கி அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். மரணம் தடுத்ததா, அவரே ஒதுக்கி வைத்தாரா? ஷூபர்ட் பி மைனர் சிம்பொனியை எழுதியது 1822-ல். அதற்குப் பிறகும் ஆறு வருடம் உயிரோடு இருந்தார். சைக்கோவ்ஸ்கி ஈ ஃபிளாட் சிம்பொனியைத் தானே கைவிட்டு, அதிலிருந்த இசையைப் பியானோ கான்செர்ட்டோவுக்கு எடுத்துக்கொண்டார். அவரே வேண்டாம் என்று வைத்ததை முடிக்கப் போகிறீர்கள் என்றால், அதை உங்கள் முன்னுரையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

2. உரிமையை முதலிலேயே பேசி முடியுங்கள்

ஒரு பார் எழுதுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பல நாடுகளில் இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. சில நாடுகளில் 50 அல்லது 60. அந்தக் காலம் முடிந்துவிட்டாலும், இதுவரை அச்சேறாத வரைவை முதன்முதலில் வெளியிடுபவருக்குத் தனி உரிமை தரும் சட்டம் ஐரோப்பாவில் இருக்கிறது. கையெழுத்துப் பிரதியை வைத்திருக்கும் நூலகத்திடம் படங்களை வெளியிடத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். இன்னொருவர் ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறாரா? அவர் சேர்த்த ஸ்வரங்கள் அவருடைய சொத்து. அதைப் பார்த்துப் பாதிப்பு இல்லாமல் எழுதுவது கடினம் என்பதால், உங்கள் முதல் வரைவு முடியும் வரை அந்தப் பதிப்பைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

குடும்பத்தாரோடு பேசும்போது பொறுமை வேண்டும். குக் உருவாக்கியதன் பெரும்பகுதி 1960 டிசம்பரில் பிபிசி வானொலியில் ஒலித்தபின், மாலரின் மனைவி ஆல்மா இனி யாரும் வாசிக்கக் கூடாது என்று தடை போட்டார். 1963-ல் ஒலிப்பதிவைக் கேட்டு மனம் மாறி அவரே அனுமதி கொடுத்தார். எல்கர் குடும்பமும் முதலில் மறுத்தது. பதிப்புரிமைக் காலம் முடிந்தால் யார் வேண்டுமானாலும் தொடலாம் என்ற நிலை நெருங்கியபோது, தகுதியான ஒருவரிடம் ஒப்படைப்பதே மேல் என்று இறங்கி வந்தது. ஆல்மா விஷயத்தில் வாதத்தை விட வேலையின் தரம்தான் கதவைத் திறந்தது.

3. கையெழுத்தைப் படியுங்கள்

அவசரப்பட்டால் கெட்டுப்போகும் கட்டம் இது. நல்ல ஸ்கேன் இருந்தாலும் முடிந்தால் ஒருமுறையாவது மூலத்தாளை நேரில் பாருங்கள். எந்த மையின் மேல் எந்த பென்சில் கோடு ஓடுகிறது, எது சுரண்டி அழிக்கப்பட்டது, தாளின் நீரெழுத்து என்ன, ஐந்து கோடுகளையும் ஒரே இழுப்பில் போடும் பேனா எங்கே மாறியது போன்ற விவரங்கள் திரையில் முழுதாகத் தெரியாது. எந்தத் தாள் முந்தியது, எது பிந்தியது என்று தீர்மானிக்க இவைதான் உதவும்.

பிறகு பார்த்தபடியே பெயர்த்து எழுதுங்கள். திருத்தாதீர்கள். கிளெஃப் இல்லையென்றால் இல்லை என்றே விடுங்கள். ஷார்ப் விட்டுப்போயிருப்பது உறுதியாகத் தெரிந்தாலும் அதை அடுத்த பிரதியில்தான் சேர்க்க வேண்டும். "அவர் எழுதியபடி" ஒரு கோப்பு, "நான் புரிந்துகொண்டபடி" இன்னொரு கோப்பு என்று இரண்டையும் கடைசி வரை தனித்தனியே வைத்திருங்கள்.

ஜெர்மன், ஆஸ்திரிய இசையமைப்பாளர்கள் என்றால் சில பொறிகள் உண்டு. அவர்கள் ஸ்கேல் பெயரில் 'பி' என்று எழுதினால் அது பி ஃபிளாட். சாதாரண பி-க்கு 'எச்'. 'போஸ்.' என்றால் டிராம்போன், 'ஃபாக்.' என்றால் பாஸூன். எஃப் ஹார்னுக்கு எழுதிய ஸ்வரம் ஐந்தாம் ஸ்வரம் அளவுக்குக் கீழே ஒலிக்கும். ஆனால் பழைய வழக்கப்படி பேஸ் கிளெஃபில் எழுதிய ஹார்ன் வரியை அதே கணக்கில் படித்தால் ஒரு ஆக்டேவ் தவறிவிடும். ஷார்ட் ஸ்கோரில் இன்னும் குழப்பம்: அவர் ஒலிக்கும் ஸ்வரத்தை எழுதினாரா, வாத்தியக்காரர் படிக்கும் ஸ்வரத்தை எழுதினாரா? பேஸ் வரியோடு சேர்த்து வாசித்துப் பார்த்தால் கார்டு பொருந்துகிறதா இல்லையா என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

4. ஓட்டைகளை அளந்து பாருங்கள்

ஓட்டையில் என்ன இசை இருந்தது என்று யோசிப்பதற்கு முன், அது எவ்வளவு நீளம் என்று கண்டுபிடியுங்கள். இந்த விஷயத்தில் புரூக்னர் நமக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார். அவர் நான்கு பக்கம் கொண்ட மடிப்புத் தாள்களில் எழுதி, ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டார். ஒரு தாளில் பெரும்பாலும் 16 பார். அதோடு, ஒவ்வொரு இசை வாக்கியத்தின் அடியிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்களை எண்ணிக்கொண்டே போவது அவர் வழக்கம்.

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். 11-ஆம் தாளும் 13-ஆம் தாளும் கையில் இருக்கின்றன, 12 தொலைந்துவிட்டது. 11-ன் கடைசி பாரின் அடியில் 6 என்று இருக்கிறது, 13-ன் முதல் பாரின் அடியில் 3 என்று இருக்கிறது. எட்டு பார் வாக்கியம் என்றால், தொலைந்த தாளின் முதல் இரண்டு பார்கள் முந்தைய வாக்கியத்தின் 7, 8. கடைசி இரண்டு பார்கள் அடுத்த வாக்கியத்தின் 1, 2. நடுவில் மிஞ்சுவது 12 பார். அது எட்டும் நான்குமாகப் பிரிந்திருக்கலாம், ஆறும் ஆறுமாகவும் இருக்கலாம். அந்தக் கருப்பொருள் வேறு இடத்தில் வரும்போது எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால் வாய்ப்புகள் இன்னும் குறையும். முந்தைய வரைவில் அதே இடத்தின் மெலடி கிடைத்துவிட்டால் அனேகமாக ஓட்டையே மூடிவிடும். இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் இருந்து வந்த நான்கு பேர் சேர்ந்து புரூக்னரின் நான்காம் பகுதியைப் பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பியது இப்படிப்பட்ட துப்பறியும் வேலையால்தான். அந்த வடிவத்தைத்தான் நடத்துநர் சைமன் ராட்டில் 2012-ல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு பதிவு செய்தார்.

எல்லா இசையமைப்பாளரும் இப்படி எண் போடமாட்டார்கள். அப்போது அவருடைய முடிந்த சிம்பொனிகளைப் பக்கத்தில் வைத்து, முதல் கருப்பொருள் எத்தனை பார், திரும்பி வரும்போது எவ்வளவு சுருங்குகிறது என்று பட்டியல் போட வேண்டியதுதான். கடைசியாக எழுதிய இரண்டு மூன்று படைப்புகளுக்கே முன்னுரிமை கொடுங்கள். இருபது வயதில் எழுதியதை வைத்து அறுபது வயதுக்காரரை அளக்க முடியாது.

சில சமயம் விடுபட்ட பகுதி வேறு பெயரில் வேறு இடத்தில் இருக்கவும் கூடும். ஷூபர்ட்டின் 'ரோஸமுண்டே' நாடக இசையில் பி மைனரில் வரும் இடையிசை, உண்மையில் முன்பு சொன்ன பி மைனர் சிம்பொனியின் கடைசிப் பகுதியாக எழுதப்பட்டிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஸ்கேலும் பொருந்துகிறது, வாத்தியக் கூட்டமும் பொருந்துகிறது. அந்தச் சிம்பொனியை முடித்த இசை ஆய்வாளர் பிரையன் நியூபோல்ட் தன் வடிவத்தில் அதையே பயன்படுத்தினார். நிரூபணம் இல்லை என்றாலும், புதிதாக ஒன்றை எழுதுவதற்கு முன் இப்படித் தேடிப் பார்ப்பது நம் கடமை.

5. நான்கு நிறங்களில் எழுதுங்கள்

நொட்டேஷன் மென்பொருளில் நான்கு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு: அவர் முழுதாக எழுதியது. நீலம்: மெலடி அவருடையது, ஹார்மனியும் வாத்தியப் பங்கீடும் நம்முடையது. பச்சை: அவர் கருப்பொருள், ஆனால் வளர்த்தது நாம். சிவப்பு: முழுக்க நம்முடையது. இந்த நிறங்களைக் கடைசி வரை அழிக்காதீர்கள். குக்கின் பத்தாம் சிம்பொனி 1976-ல் அச்சானபோது, ஒவ்வொரு பக்கத்திலும் எல்லா வாத்திய வரிகளும் உள்ள ஃபுல் ஸ்கோருக்குக் கீழே மாலரின் ஷார்ட் ஸ்கோரும் அச்சிடப்பட்டது. படிப்பவர் கண்ணை மேலும் கீழும் ஓட்டினால் போதும், எல்லாம் வெட்டவெளிச்சம். இதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியாது.

வாத்தியப் பங்கீட்டில் காலத்தை மீறாதீர்கள். ஷூபர்ட் காலத்து ஹார்னில் வால்வு கிடையாது; இயல்பாக வரும் ஸ்வரங்களும், கையை உள்ளே வைத்து மாற்றும் மங்கலான சில ஸ்வரங்களும்தான். டிரம்பெட்டிலும் வால்வு கிடையாது. டிம்பனி இரண்டு, ஸ்வரமும் இரண்டு. அங்கே ஹார்னுக்கு இன்றைய பாணியில் ஒரு வளைந்த மெலடியைக் கொடுத்தால், கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும். மாலரில் பிரச்சினை நேரெதிர். அவர் ஒத்திகையில் கேட்டுக் கேட்டு மாற்றிக்கொண்டே இருப்பவர். ஒன்பதாம் சிம்பொனியை அவர் காதால் கேட்டதே இல்லை. 1912-ல்தான் அது அரங்கேறியது. அதனால் அவர் முழுதாக எழுதிய பக்கங்கள்கூட ஒருவகையில் வரைவுதான். குக் கைவைத்த இடங்களில் மெலிதாகவே நிறுத்திக்கொண்டது சரி என்று நினைக்கிறேன். பின்னால் வந்த வேறு சிலர் அடர்த்தியாக நிரப்பினார்கள்.

ஒரு வரி காலியாக இருந்தால் அது மறதியா, வேண்டுமென்றே விட்ட வெறுமையா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். சந்தேகம் வந்தால் காலியாகவே விடுங்கள்.

6. முழுக்க நம்முடைய இடம்

சிவப்பு நிறம் தவிர்க்க முடியாத இடம் ஒன்று வரும். எல்கரின் கடைசிப் பகுதி எப்படி முடிய வேண்டும் என்று தாளில் எதுவுமே இல்லை. எல்கரின் 'நர்சரி சூட்'-ல் ஒரு வண்டி நெருங்கி வந்து கடந்து போவதைச் சித்திரிக்கும் சிறு பகுதி உண்டு. பெய்ன் அதிலிருந்து யோசனை எடுத்து, ஆரவாரமில்லாமல் மங்கி மறையும்படி முடித்தார். அது பெய்னின் முடிவு. அவரே அதை மறைக்கவில்லை. நீங்களும் அப்படித் துணியலாம். பின்பற்றியது எந்தப் படைப்பின் எந்த இடத்தை என்று மட்டும் எழுதி வையுங்கள்.

துணிய மனமில்லையா? நடத்துநர் நிகோலாஸ் ஹார்னோன்கூர்ட் 2002-ல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு புரூக்னரின் நான்காம் பகுதித் துண்டுகளை அப்படியே வாசித்து, ஓட்டைகளில் நிறுத்தி விளக்கம் சொன்னார். அதுவும் ஒலிப்பதிவாக வந்திருக்கிறது. அப்படியும் ஒரு வழி இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் பான் நகரில் அதன் துணையோடு உருவான பேத்தோவன் பத்தாம் சிம்பொனி வாசிக்கப்பட்டது. ஒரு மெலடிக்கு நூறு தொடர்ச்சிகளை நொடியில் கொடுக்கும் கருவி அது. ஆனால் "இந்த பார் ஏன் இங்கே?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பயன்படுத்தினால் அதற்கு ஐந்தாவது நிறம் ஒன்று கொடுங்கள்.

7. பார்ட்டுகளும் முதல் வாசிப்பும்

ஒரு தவறான ஃபிளாட்டைத் தேடி நிற்கும்போது எண்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனவே ஒவ்வொரு வாத்தியத்தின் பார்ட்டையும் (அந்த வாத்தியத்தின் வரி மட்டும் உள்ள தாள்) ஸ்கோரோடு ஒப்பிட்டு இரண்டு பேராவது பார்க்க வேண்டும், அதில் ஒருவர் நீங்களாக இருக்கக் கூடாது. பக்கம் திருப்பும் இடம் ஓய்வு பாரில் விழ வேண்டும். நீண்ட ஓய்வுக்குப் பிறகு நுழைபவருக்கு, பக்கத்து வாத்தியத்தின் வரியைச் சின்ன ஸ்வரங்களில் காட்டுங்கள். பார் எண்ணும், ஒத்திகையில் இடம் சொல்ல உதவும் ஏ, பி போன்ற எழுத்துகளும் எல்லாப் பார்ட்டிலும் ஒன்றாக இருக்கட்டும். வில் எப்படிப் போக வேண்டும் என்பதை முதல் வயலின்காரரிடம் விட்டுவிடுங்கள்.

ஒலிப்பதிவுக்குச் சில வாரம் முன்னதாக ஒரு முழு வாசிப்பு கட்டாயம். கணினி வாசித்துக் காட்டுவதை நம்ப வேண்டாம். அதில் ஒரு ஃபுளூட்டின் கீழ்ஸ்தாயி நான்கு டிராம்போனுக்கு மேலேயும் தெளிவாகக் கேட்கும், அரங்கில் கேட்காது.

8. ஒலிப்பதிவு

இடம்தான் பாதி வேலை. 19-ஆம் நூற்றாண்டு ரொமான்டிக் பாணிச் சிம்பொனிக்கு எதிரொலி சுமார் இரண்டு விநாடி நிற்கும் அரங்கு வேண்டும். ஏசியை நிறுத்த முடியுமா, பக்கத்தில் போக்குவரத்து எப்படி, நாற்காலி கிறீச்சிடுமா என்று முன்கூட்டியே போய்ப் பாருங்கள்.

மைக் அமைப்பில் பழைய முறையே இன்றும் கைகொடுக்கிறது. நடத்துநரின் தலைக்கு மேல் சுமார் மூன்று மீட்டர் உயரத்தில், எல்லாத் திசையும் வாங்கும் மூன்று மைக்குகளை முக்கோணமாக வைப்பது. 1950-களில் டெக்கா நிறுவனத்தார் உருவாக்கியதால் இதற்கு டெக்கா ட்ரீ என்று பெயர். இதுதான் பிரதான ஒலி. மரக்காற்று வாத்தியம், ஹார்ன், ஹார்ப், டிம்பனிக்குத் துணை மைக்குகள். ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லி விநாடி எடுக்கும். ஓபோவின் துணை மைக் பிரதான மைக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருந்தால், மிக்ஸிங்கில் அதைச் சுமார் 23 மில்லி விநாடி தாமதப்படுத்துங்கள். இல்லையென்றால் ஓபோ இரண்டு முறை ஊதுவது போலக் குழம்பும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பதிவு போதுமானது.

ஒரு அமர்வு பொதுவாக மூன்று மணி நேரம், நடுவே இடைவேளையும் உண்டு. அதில் 15 முதல் 20 நிமிட இசை தேறினால் நல்ல வேகம். ஸ்கோர் வரிசையில் பதிவு செய்ய வேண்டியதில்லை; டிராம்போனும் தாள வாத்தியமும் வரும் பகுதிகளைச் சேர்த்து வைத்தால் அவர்கள் சும்மா காத்திருக்க வேண்டாம். மெல்லிய பகுதிகளை வெளியே சத்தம் அடங்கும் நேரத்துக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு பகுதியையும் முதலில் முழுதாக ஒருமுறை வாசிக்க விடுங்கள். அந்த நீண்ட டேக்கில்தான் உயிர் இருக்கும். அப்புறம் திருத்தங்கள். திருத்தத்தை எப்போதும் தவறு நடந்த இடத்துக்குச் சில பார் முன்னாலிருந்து தொடங்குங்கள். முந்தைய கார்டின் எதிரொலி அரங்கில் இருந்தால்தான் ஒட்டு தெரியாது.

தயாரிப்பாளர் ஸ்கோரில் ஒவ்வொரு டேக்குக்கும் கோடு போட்டு எண் எழுதிக்கொண்டே போவார். எந்த பாருக்கும் குறைந்தது இரண்டு நல்ல டேக் இருக்க வேண்டும். முடித்தவராகிய நீங்கள் கட்டுப்பாட்டு அறையில் உட்காருங்கள், ஆனால் கருத்தைத் தயாரிப்பாளரிடம் மட்டும் சொல்லுங்கள். நடத்துநரின் காதில் இரண்டு குரல் விழுந்தால் வேலை நின்றுவிடும். கிளம்பும் முன் எல்லாரும் அசையாமல் இருக்க, வெறும் அரங்கின் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பகுதிகளுக்கு நடுவே வைக்க அது தேவைப்படும்.

மிக்ஸிங்கில் ஒரு ஆசை வரும்: நாம் எழுதிய உள்வரி கேட்கவில்லையே, துணை மைக்கைக் கொஞ்சம் ஏற்றலாமே என்று. ஏற்றாதீர்கள். அரங்கில் கேட்காத வரி என்றால் பங்கீட்டில் கோளாறு, ஸ்கோரைத் திருத்துங்கள். மாஸ்டரிங்கில் ஒலியை அமுக்கிச் சத்தமாக்க வேண்டாம். மெல்லியது மெல்லியதாகவே இருக்கட்டும்.

9. பெயரும் வெளியீடும்

அட்டையில் இரண்டு பெயரும் வர வேண்டும். எல்கர் மூன்றாவதின் தலைப்பே, எல்கரின் வரைவுகளைப் பெய்ன் விரிவாக்கியது என்று சொல்கிறது. குக் தன்னுடையதை வரைவின் வாசிப்பு வடிவம் என்றார். சிம்பொனியை முடித்துவிட்டதாக உரிமை கோரவில்லை. இணையத் தளங்களில் ஏற்றும்போதும் இசையமைப்பாளர் இடத்தில் இருவரையும் பதிவு செய்யுங்கள். மூல இசையமைப்பாளரின் கை நின்ற பாரில் ஒரு டிராக் குறி வைத்தால் கேட்பவர் நேராக அங்கே போகலாம். கூடவே வரும் சிறுநூலில் அந்த நேரத்தைப் போட்டு, நான்கு நிறங்களின் பட்டியலையும் பார் எண்களோடு அச்சிடுங்கள்.

கோப்புகளை மென்பொருளின் சொந்த வடிவத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஃபினாலே என்ற புகழ்பெற்ற நொட்டேஷன் மென்பொருளின் வளர்ச்சியே 2024-ல் நிறுத்தப்பட்டது. மியூசிக் எக்ஸ்எம்எல் (பல நொட்டேஷன் மென்பொருள்கள் படிக்கும் பொது வடிவம்), பிடிஎஃப் இரண்டிலும் சேமித்து ஒரு பிரதியை நூலகத்தில் கொடுங்கள்.

ஸ்கோரின் முதல் பக்கத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். குக்கின் முழு வடிவம் 1964-ல் லண்டனில் அரங்கேறியது. அடுத்த வருடமே நடத்துநர் ஆர்மண்டி அதைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகும் குக் திருத்திக்கொண்டே இருந்தார். தொலைந்த தாள் ஒன்று எங்காவது கிடைத்தால் உங்கள் சிவப்பு பார்களை எடுத்துவிட்டு அவருடைய கறுப்பைப் போட வேண்டியிருக்கும். அப்போது பதிப்பு எண்ணை மாற்றி, திருத்தப் பட்டியலோடு புதிய பார்ட்டுகளை அடுத்து வாசிக்கப் போகும் ஆர்கெஸ்ட்ராவுக்கு அனுப்பி, பழைய பார்ட்டுகளைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.